முத்துச்செல்வி அக்காவும் நூறு கங்காக்களும்

பத்து நிமிடம் மட்டும் தண்ணீர் மோட்டார் போட்டுவிட்டு, பாசத்தைப் பகலெல்லாம் திறந்துவிடும் எங்கள் விழாத் தலைவர், முப்பது வாடகை அறைகளின் அதிபதி தாண்டவராயன் ஐயா அவர்களே! சாம்பாரில் பருப்பைத் தேடவைத்து எங்களுக்குப் பொறுமையைப் போதித்த மெஸ் தாயாரம்மாள் அம்மா அவர்களே! கண்ணாடி போட்டிருந்தும் சில காட்சிகளைக் காணாமலே விட்ட கருணைக்கடல், வயர் கம்பெனி சூப்பர்வைசர் நம்பிராஜன் சார் அவர்களே! எனக்கும் உயிரியல் வரும் என்று நம்பிய ஒரே உயிர், டியூஷன் வெங்கடேசன் சார் அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, மூன்று ஷிப்டிலும் கண்விழிக்கும் என் அக்காமார்களே! பன்னிரண்டாம் வகுப்பை ஒருவழியாகத் தாண்டிக் குதித்த கங்காவின் வணக்கம்.

என்னங்க ஐயா? "ரெண்டு நிமிஷந்தாம்மா"வா? உங்கள் மோட்டாருக்கே பத்து நிமிடம். என் வாய்க்கு இரண்டா? நியாயமா?

எதற்காகக் கூடியிருக்கிறோம்? எதற்காக இந்தச் சீரியல் விளக்கு? சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, நான்கு வருடமாக நம் பிள்ளைப்பாக்கத்தில் தங்கி, கான்ட்ராக்டில் கார்களுக்கு வயர் கட்டும் முத்துச்செல்வி அக்காவுக்காக! இளம்பிள்ளை வாதம் இடது காலை எடுத்துக்கொண்டாலும், காலைத் தாங்கும் இரும்புக் காலிப்பரை மாட்டிக்கொண்டு, இருபத்தொன்பது வயதில், பிளஸ் டூவை மறுபடி எழுதி, நுழைவுத் தேர்வும் எழுதி, ஊனமுற்றோர் ஒதுக்கீட்டில் செங்கல்பட்டில் டாக்டர் படிப்புக்கு இடம் பிடித்த அக்காவுக்காக!

கைதட்டுங்கள். போதும், நிறுத்துங்கள். ஏனென்றால் அக்கா போகப் போவதில்லையாம்!

முறைக்காதீர்கள் அக்கா, மைக் என் கையில். நாளை திங்கட்கிழமை அக்காவின் கையெழுத்துக்காக இரண்டு இடங்கள் காத்திருக்கின்றன. ஒன்று கல்லூரி. இன்னொன்று, நம்பிராஜன் சார் சட்டைப் பையில் இருக்கும் பர்மனென்ட் ஆர்டர். அக்கா சட்டைப் பையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஏன்? அதற்கு நான் இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

வெங்கடேசன் சார் டியூஷன் மாடியில். படிகள் இருபத்திரண்டு. ஒரு மாலை, படியில் 'டக்… டக்' என்று ஓசை. புதிய மாணவி வருகிறார், வயது இருபத்தேழு என்று எனக்கு மட்டும் முன்பே தெரியும். விடுவேனா? எல்லோர் காதிலும் போட்டு, வகுப்பையே எழுப்பி நிறுத்தினேன். அக்கா வாசலில் வந்ததும் நாற்பது குரல் ஒரே குரலாக, "குட் ஈவ்னிங் மிஸ்!"

சிரிப்பென்றால் சிரிப்பு, சீலிங் அதிரும் சிரிப்பு. அக்கா ஒரு கணம் நின்றார். பிறகு நேராகக் கரும்பலகைக்குப் போனார்.

"உக்காருங்க பிள்ளையளா. ஏட்டி ரெட்டைச் சடை! இதயத்துக்கு எத்தனை அறை?"

"ஒரு ரூம் மிஸ், அட்டாச்டு பாத்ரூம்."

"நாலு அறைன்னு அம்பது தடவை எழுது."

எழுதினேன் ஐயா, எழுதினேன்! முப்பத்தேழாவது தடவையில் சார் வந்தார். "இன்னாம்மா, புது ஸ்டூடண்ட்டு போர்டாண்ட இன்னா பண்ணிகினு கீறே?" அக்கா அமைதியாகக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அன்று அவமானப்பட்டவள் நான் என்றுதான் இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டியூஷனோ மாலை ஆறுக்கு. அக்காவுக்கு முறை வரும் செகண்ட் ஷிப்டோ பகல் இரண்டிலிருந்து இரவு பத்து வரை. எப்படி வந்தார்? அறைத்தோழியர் ஐந்து பேர் முறை வைத்து, தங்கள் ஷிப்டை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, அக்காவின் செகண்ட் ஷிப்டைத் தாங்கள் செய்தார்கள். தன் செகண்ட் ஷிப்ட், அக்காவின் செகண்ட் ஷிப்ட் என்று அவர்களில் சுகப்பிரியா அக்கா மாதக்கணக்கில் சூரியன் சாய்வதையே பார்க்கவில்லை. நம்பிராஜன் சார் அவரைக் கேட்டாராம், "என்னம்மா, உனக்கு மட்டும் எப்பவும் செகண்ட் ஷிப்டா?" "காலை வெயில் எனக்கு ஆகாது சார்." சார் நம்பினார். பெயரிலேயே நம்பி இருக்கிறதே!

ஒதுக்கீட்டுக்கான மருத்துவக் குழுவில் முத்துச்செல்வி அக்காவைக் கேட்டார்களாம், "படி ஏறுவியாம்மா? வார்டுல நிக்க முடியுமா?" அக்கா சொன்ன பதில், உடன் போன சுகப்பிரியா அக்கா வாயால் அப்படியே: "எட்டு மணி நேரம் நின்னுதான் வயர் கட்டுதேன் சார். டியூசனுக்கு இருபத்திரண்டு படி. ஒரு நாளும் லேட்டு கிடையாது. லேட்டா வாரதெல்லாம் ரெண்டு காலும் நல்லா உள்ளவளுவதான்."

யாரும் என்னைப் பார்க்க வேண்டாம்.

அப்படிப்பட்ட அக்கா இன்று காலை கட்டிய பெட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். கேட்டேன். மெல்லச் சொன்னார்:

"அன்னைக்கு நீங்கல்லாம் எந்திரிச்சி நின்னு சிரிச்சியள்லா, வாசலோட திரும்பிப் போயிருவோம்னுதான் நெனச்சேன். மறுபடி இருபத்திரண்டு படி எறங்கணுமேன்னுதான் உள்ள வந்தேன். ஒரு கங்காவைச் சமாளிக்க ரெண்டு வருசமாச்சு. அங்க நூறு கங்கா இருப்பாளுவ. எனக்குத் தெம்பு இல்லட்டி."

வாயில்லாப் பூச்சியாக வீடு வந்தேன். அம்மா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அக்கா! அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். அன்று செய்தது தப்பு. நாற்பது பேர் நடுவில் செய்த தப்புக்கு நானூறு பேர் நடுவில் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் ஒன்று. அங்கே வரும் நூறு பேருக்கும் இதயத்துக்கு எத்தனை அறை என்று தெரியும். எனக்கு அன்று அதுகூடத் தெரியாது! என்னையே மேய்த்த உங்களுக்கு அவர்கள் எம்மாத்திரம்? கடைசி பெஞ்சிலிருந்து நீங்கள் சொல்லிக்கொடுத்துத்தானே நான் உயிரியலில் உயிர் பிழைத்தேன்?

அறைத்தோழிகளே, அக்காவின் செகண்ட் ஷிப்டைச் செய்த கைகள் எங்கே? தூக்குங்கள்! ஒன்று, இரண்டு, மூன்று… ஐந்து! ஆறாவது கை யாருடையது? நம்பிராஜன் சார்! உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தேவா விட்டீர்கள்? உங்களைப் போய்க் கேலி செய்தேனே!

பார்த்தீர்களா அக்கா? நீங்கள் வயர் கட்டிக்கொண்டே இருக்கவா இந்தக் கைகள் உங்கள் ஷிப்டைச் செய்தன? நீங்கள் நாடி பிடிக்க அல்லவா செய்தன!

எல்லோரும் எழுந்திருங்கள். தலைவர் ஐயா, நீங்களும்தான். அன்று கேலிக்காக எழுப்பினேன், இன்று கேட்டுக்கொண்டு எழுப்புகிறேன். ஒரே குரலில் சொல்லுங்கள்:

குட் ஈவ்னிங், டாக்டர்!

…

உஷ். 'டக்'. காலிப்பர் பூட்டும் ஓசை. அக்கா எழுந்துவிட்டார். என்னக்கா? சத்தமாக.

"உக்காருங்க பிள்ளையளா."

உட்காருங்கள், உட்காருங்கள். என்னையா? நான் நிற்கணுமா?

"ஏட்டி ரெட்டைச் சடை, நாக்கை நீட்டு. இவ்ளோ நீளமா இருக்கே, பாக்கணும். காலையில ஆறரை பஸ்ஸு. பெட்டியைத் தூக்க நீதான் வாரணும். லேட்டா வந்தா அம்பது தடவை."

சார், அந்த ஆர்டர் பைக்குள்ளேயே இருக்கட்டும். ஐயா, ஐந்து மணிக்கே மோட்டார் போட்டுவிடுங்கள். நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, இதுவரை பொறுத்த உங்கள் நல்ல காதுகளுக்கு, நான்கு அறையிலிருந்தும் என் நன்றி. வணக்கம்!