காய்ச்சல் விகிதம்

எனக்கு விளையாட்டே பிடிக்காது. சின்ன வயதில் ஓடிப்பிடித்துக்கூட ஆடியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் விளையாட்டுப் பைத்தியம் பிடித்து இப்படியெல்லாம் செய்துவிட்டதாகச் சித்தப்பா புகாரில் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாவம், அவருக்குப் புரிந்தது அவ்வளவுதான். எனக்குப் பைத்தியம் எதுவும் இல்லை, மேடம். வேலைதான் இருந்தது. டீ ஆறுகிறது, நீங்கள் குடியுங்கள். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஒரே ஒரு விளையாட்டைத்தான் தயாரிக்கிறது. ஒரு மலை, அதன் உச்சியில் தீ கக்கும் டிராகன். ஆட்டக்காரர் மலைச்சரிவில் நகரம் கட்ட வேண்டும். காட்டில் மரம் வெட்டினால் வீடு, சுரங்கத்தில் கல் எடுத்தால் மதில், வயலில் விளைந்தால் தானியம். அந்தத் தானியத்தை டிராகனுக்குக் கொட்டினால் அது தீ கக்கும், உலை எரியும், இரும்பு உருகும், நகரம் வளரும். ஜனங்களுக்குக் கொடுத்தால் ஜனங்கள் பிழைப்பார்கள். டிராகன் தூங்கிவிடும், உலை அணைந்துவிடும். அவ்வளவுதான் ஆட்டம். உங்கள் இலாகாவிலும் ஏறக்குறைய இதே ஆட்டம்தான் நடக்கிறது என்று கேள்வி. இங்கே டிராகனுக்குச் சுழல் நாற்காலி போட்டிருப்பார்கள்.

ஒரு மூட்டைக்கு எத்தனை வாய், ஓர் உலைக்கு எத்தனை மூட்டை, எத்தனை நாள் பட்டினி கிடந்தால் ஒரு குடும்பம் சாகும் என்று எண்களை வைப்பது என் வேலை. சமநிலை அதிகாரி என்று கதவில் எழுதியிருக்கும். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "அத்தனை படிப்பும் பொம்மைக்குச் சோறு போடத்தானாடி?" என்று பெரியம்மா கேட்டார். "போடாம விடறதுக்கும் படிப்பு வேணும் பெரியம்மா" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். நான் ஜோக்கடித்தேன் என்று நினைத்துக்கொண்டார்.

'எங்கள் குடிமக்களுக்கு உயிர் உண்டு' என்று விளம்பரம் போடுவோம். கம்பெனி சொன்ன ஒரே உண்மை அதுதான். உயிர் கீழ்த்தளத்தில் இருந்தது. எண்பத்தாறு பெண்கள், எண்பத்தாறு திரைகள், இரண்டு கழிப்பறைகள். ஒவ்வொருத்திக்கும் நாற்பது குடிமக்கள். ஆட்டக்காரர் ஒரு வீட்டைத் தொட்டால் உள்ளே இருப்பவர், "ஐயா, அடுப்பு எரிஞ்சு மூணு நாளாச்சு" என்பார். அதைத் தட்டச்சு செய்து அனுப்புவது கீழே இருக்கும் பெண். ஆரம்பத்தில் எந்திரத்தைத்தான் எழுத வைத்தார்கள். அதற்கு இலக்கண சுத்தமாகப் பசித்தது. ஆட்டக்காரர்கள் கொட்டாவி விட்டார்கள். பசியைப் பற்றி எழுதப் பசித்தவர்கள்தான் வேண்டும் என்று எங்கள் மேலாளர் கண்டுபிடித்தார். அந்தச் சரக்குக்கு எந்த ஊரில் தட்டுப்பாடு?

சித்தியை அங்கே சேர்த்துவிட்டவள் நான்தான். சித்தி என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. அம்மாவும் அப்பாவும் கட்டட வேலைக்கு ஊர் ஊராகப் போனதால் என்னை வளர்த்ததும் படிக்கவைத்ததும் அவர்தான். மனு எழுதிக் கொடுக்கும் கடையில் அவருக்குத் தட்டச்சு வேலை. இருபது வருடம் அடுத்தவர் கஷ்டத்தை ஒரே பக்கத்துக்குள் அடக்கிய விரல்கள். கடையை மூடியதும் எங்கள் கீழ்த்தளத்தில் முப்பத்தோராம் இருக்கையை வாங்கிக் கொடுத்தேன். "எங்க வீட்டு ராசாத்தி" என்று என்னைக் கொண்டாடிய விருந்தில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டவர்தான் சித்தப்பா. புகாரில் அதை எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டில் ஒரு குடிமகன் சாகும்போது கீழே அந்தப் பெண்ணின் திரை சிவப்பாகும். தொண்ணூறு நொடிக்குள் மூன்று வரி எழுத வேண்டும். சாகிறவர் கடைசியாகப் பேசும் மூன்று வரி. அதைப் படித்த ஆட்டக்காரர் சராசரியாக நான்கு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து விளையாடுவார். குற்ற உணர்ச்சிதான் எவ்வளவு நல்ல எரிபொருள். ஆனால் முப்பத்தோராம் இருக்கையில் மட்டும் நான்கு அல்ல, பத்தொன்பது நிமிடம். அதுவும் சாவது ஒரு சின்னப் பெண்ணாகவும் காரணம் காய்ச்சலாகவும் இருந்தால்.

"முப்பத்தொண்ணுல என்னம்மா மாயம் நடக்குது?" என்றார் மேலாளர்.

"உற்பத்தித்திறன் சார்" என்றேன்.

காரணத்தைத் தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. சித்திக்கு ஒரு மகள் இருந்தாள். சிட்டு என்று கூப்பிடுவோம். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். பதினோரு வருடம் ஆகிறது.

என் அட்டவணையில் அதுவரை நான்கு பத்திகள். மரம், கல், தானியம், தீ. அன்று ஐந்தாவதாக ஒன்று சேர்த்தேன். கண்ணீர். அதுவும் விளைபொருள்தானே. விளைகிற நிலம் தெரிந்த பிறகு அங்கே விதைக்காமல் விடுவதற்குப் பெயர் கருணையல்ல, நிர்வாகக் கோளாறு. முப்பத்தோராம் இருக்கையின் நாற்பது குடிமக்களையும் ஆறு வயதுப் பெண் குழந்தைகளாக மாற்றினேன். மற்ற இருக்கைகளில் காய்ச்சல் விகிதம் நூற்றுக்கு இரண்டு. அங்கே முப்பது. ஒன்று செத்தால் வேறொரு நகரத்திலிருந்து இன்னொரு குழந்தை அந்த இடத்துக்கு வந்துவிடும். நாற்பது எப்போதும் நாற்பதுதான். ஒரு நாளைக்குப் பதினொன்று, பன்னிரண்டு சாவு.

சித்தி எழுதினார். நன்றாகவே எழுதினார். 'அம்மா, விளக்கைத் தணிச்சு வையி, கண்ணு கூசுது.' 'வெளியே மழையா? என் செருப்பை உள்ளே எடுத்து வையி.' பத்தொன்பது நிமிடம் இருபத்தாறாக ஏறியது. அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று கம்பெனி படம் போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினோம்.

மதியம் மேலே சாப்பாட்டு அறையில் சித்தியும் நானும் சில நாள் சேர்ந்து உட்காருவோம். ஒருநாள் கேட்டார்.

"ஏண்டி, மேல அத்தனை பேர் இருக்கீங்களே, அந்த ஊருக்கு ஒரு வேளை மருந்து போட ஒருத்தருக்கும் கை வரலையா?"

"வெறும் விளையாட்டு சித்தி அது."

"விளையாட்டுன்னா எப்பவாச்சும் ஒரு தடவை ஜெயிக்கவும் செய்யணுமேடி" என்றார். டப்பாவில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்பே ஆட்டக்காரருக்கு மனு அனுப்ப ஆரம்பித்தார். 'ஐயா, வணக்கம். எங்கள் தெருவில் வைத்தியசாலை இல்லை. மதிலுக்கு ஒதுக்கிய கல்லில் ஒரு பங்கும், டிராகனுக்கு ஒதுக்கிய தானியத்தில் ஒரு பங்கும் கொடுத்து உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இப்படிக்கு, கீழத் தெருத் தாய்மார்கள்.' முதலில் ஆட்டக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு கட்டிவிட்டார்கள். யார் யாரோ, எந்தெந்த நாட்டிலோ உட்கார்ந்துகொண்டு, மதிலைப் பாதியில் நிறுத்திவிட்டு வைத்தியசாலை கட்டினார்கள். இருபது வருடம் நிஜ மனு அடித்து ஒரு தெருவிளக்குகூட வாங்காதவர், பொய் ஊரில் நானூறு வைத்தியசாலை வாங்கிவிட்டார். சாவு நாளைக்கு இரண்டாகக் குறைந்தது.

"டிராகன் தூங்குதும்மா, என்ன செய்யப்போறே?" என்று மேலாளர் என் மேஜையைத் தட்டினார். அவர் அவ்வளவு துக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

சின்ன மாற்றம்தான். வைத்தியசாலை நடக்க வெள்ளி இலை என்றொரு மூலிகை வேண்டும் என்று விதி சேர்த்தேன். மூலிகை வளர நாற்பது நாள். காய்ச்சல் கொல்ல மூன்று நாள். எண்கள் அழகாகப் பொருந்தின. வைத்தியசாலைகளை இடிக்கவில்லை, பாருங்கள். அவை பாட்டுக்கு நின்றன. சாவு நாளைக்குப் பதினான்காயிற்று.

சித்தி மதியம் மேலே வருவதை நிறுத்திவிட்டார். இருக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை என்று பக்கத்து இருக்கைப் பெண் சொன்னாள். ஒருநாள் நானே கீழே இறங்கிப் போனேன். பரிசாகக் கொடுத்த பாட்டில் மூடி திறக்காமல் இருந்தது.

"தண்ணியாவது குடி சித்தி."

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்டி. நான் எழுந்து போற நேரத்துல ரெண்டு பேர் போயிடறாங்க. யாரும் பக்கத்துல இல்லாம" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எப்படியும் கணினிப் பதிவில் இருக்கும், உங்கள் ஆட்கள் தோண்டி எடுப்பார்கள். அந்த நாற்பது குழந்தைகளுக்கும் தனித்தனிப் பெயர் இருந்தது. அடுத்த வாரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே பெயரை வைத்தேன். சிட்டு. ஒரு பெயர்தானே, அதற்கு மரம் வேண்டாம், கல் வேண்டாம். இருபத்தாறு நிமிடம் நாற்பத்தொன்றாயிற்று.

அன்று சித்தி என் அறை இருக்கும் மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். "அம்மா, உங்க அட்டை இங்க திறக்காது" என்று காவலாளி நல்லவிதமாகவே சொன்னார். சித்தி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றே மாற்றியிருப்பேன். திட்டவில்லை. மறுநாள் வழக்கம்போல ஒன்பது மணிக்கு இருக்கையில் இருந்தார். பிடிக்காத வேலைக்கு யாராவது நேரத்துக்கு வருவார்களா?

ஏன் செய்தாய் என்று நான்காவது தடவையாகக் கேட்கிறீர்கள். சம்பளம் ஏறவில்லை, பதவியும் ஏறவில்லை. சித்தி மேல் கோபமா என்றால் அதுவும் இல்லை. அந்த வீட்டில் தானியம் போட்டு வளர்த்த டிராகன் நான்தான். எனக்குப் பால், சிட்டுவுக்குக் கஞ்சித் தண்ணீர். படிக்கிற பிள்ளை என்று எனக்கு ஒரே ஒரு மேஜைவிளக்கு, மற்றவர்களுக்கு இருட்டு. நான் கேட்டு வாங்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

சிட்டு போன அன்று சித்தி கடையில் இருந்தார். சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். எனக்கு இரண்டு நாளில் பள்ளி இறுதித் தேர்வு. "லேசாத்தான் சுடுது, பாத்துக்கோடி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பார்த்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து சித்தி கேட்டார், "கடைசியா ஏதாச்சும் சொன்னாளாடி?" "தூங்கிட்டே போயிட்டா சித்தி, ஒண்ணும் சொல்லல" என்றேன். எல்லோருக்கும் நல்ல பதில் அது. இருந்தாலும் பதினோரு வருடத்தில் வருடத்துக்கு ஒரு தடவையாவது அதையே கேட்டார். விருந்து நடக்கும்போது கேட்பார். என் பட்டமளிப்பு அன்று, அந்தக் கறுப்பு அங்கியோடு நான் நின்றபோதும் காதருகில் வந்து கேட்டார்.

அதனால் அவர் கீழே எழுதியது எனக்கு உடனே புரிந்துவிட்டது. தேடுகிறார். ஒவ்வொரு சாவுக்கும் மூன்று வரி, ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை, ஒவ்வொன்றாக எழுதி எழுதிப் பார்க்கிறார். விளக்கு, மழை, செருப்பு, பொம்மை, அப்பா. நான் மேலே உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தேன். தரப் பரிசோதனை என் பொறுப்பு. நான்கு மாதத்தில் ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் சாவு. ஒன்றுகூடக் கிட்டே வரவில்லை. பெற்ற தாய் ஆயிரம் தடவைக்கு மேல் தேடியும் கிடைக்காத ஒன்று நடக்கவே இல்லை என்றுதானே பொருள்? இது என் சொந்தக் கருத்தல்ல, புள்ளியியல். எனக்கு அந்த நான்கு மாதமும் நல்ல தூக்கம்.

போன வியாழக்கிழமை மதியம் மூன்று பத்துக்குத் திரை சிவந்தது. சித்தி ஒரே ஒரு வரி அனுப்பினார்.

'அக்கா, நீ படி. தண்ணி அப்புறம் குடிச்சுக்கறேன்.'

அடுத்து நான் செய்ததைத்தான் நீங்கள் குற்றம் என்கிறீர்கள். முப்பத்தோராம் இருக்கையின் காய்ச்சல் விகிதத்தை நூறாக்கினேன், மூன்று நாளை ஒரு நொடியாக்கினேன். மிச்சமிருந்த முப்பத்தொன்பது சிட்டுகளுக்கும் ஒரே நேரத்தில் திரை சிவந்தது. முப்பத்தொன்பது பேருக்கு எழுதத் தொண்ணூறு நொடி. அவர் அலறவில்லை என்றும், தட்டிக்கொண்டே இருந்தார் என்றும், பக்கத்து இருக்கைப் பெண் பிடிப்பதற்குள் சரிந்துவிட்டார் என்றும் சொன்னார்கள். இப்போது மருத்துவமனையில் யாரோடும் பேசுவதில்லையாம். விரல்கள் மட்டும் போர்வையின் மேல் ஓடிக்கொண்டிருக்கின்றனவாம். சித்தப்பா அழுதுகொண்டே சொன்னார்.

ஆமாம், நான்தான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. காரணமும் எழுதிக்கொள்ளுங்கள்: தரக் குறைவு. மூன்று வரி எழுத வேண்டிய இடத்தில் ஒரு வரி. சித்தி என்பதற்காக விதியை வளைக்க முடியாது. அதுவும் போகட்டும், அந்த ஒரு வரியாவது சரியாக இருந்ததா? என்னவோ ஒரே தடவை கேட்டுவிட்டு விட்டுவிட்ட மாதிரி எழுதியிருக்கிறார். சிட்டு மூன்று தடவை கேட்டாள்.