தம்பிராஜா வாசித்த பத்திரிகை

காலையில் பத்திரிகையைச் சத்தமாக வாசிக்கும் பழக்கம் எனக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. கேட்பதற்குத்தான் தம்பிராஜா இல்லை. போன வாரம் அவன் கருமாதி முடிந்தது. கண் தெரியாத ரப்பர்த் தோட்டத்துக் கூலியை இருபது வருஷம் வீட்டில் வைத்துச் சோறு போட்ட முதலாளி என்று என்னைப் பற்றி எழுத வந்திருக்கிறீர்கள். எழுதுவதென்றால் முழுவதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மதராஸில் ரசாயனம் படித்துவிட்டு மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவன் நான். ரப்பர்த் தோட்டத்தில் பாலுக்கு ஆசிட் கலக்கும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடினார்கள், என் வேலையும் போயிற்று. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பழைய வீட்டைப் பிடித்து, மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்துச் சாராயம் வடித்தேன். இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து, காசிவிஸ்வநாதன் டானிக் என்று என் பெயரையே ஒட்டினேன். மருந்துக்கடைகள் காலியாகக் கிடந்த காலம். ஊரே வாங்கியது.

ஆனால் கிழங்கு ஜனங்களின் வயிற்றுக்கே போதவில்லை. கடலோரத்துக் கிளேபாங்கில் தேங்காய் ஓடு சும்மா கிடைத்தது. அதை மூடிய டிரம்மில் சுட்டாலும் ஒரு வகைச் சாராயம் கொஞ்சம் இறங்கும். கண்ணைப் பறிக்கும் நஞ்சு அது, படித்தவனுக்குத் தெரியாதா. எவ்வளவு கலந்தால் உடம்பு தாங்கும் என்பதுதான் தெரியவேண்டியிருந்தது. சோதித்துப் பார்க்கும் மருந்துகள் எதுவும் கப்பலில் வருவதில்லை.

தம்பிராஜா இருந்தான். சயாம் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று தோட்டத்தைவிட்டு ஓடிவந்தவனை என் பின்கட்டில் ஒளித்துவைத்திருந்தேன். வெளியே போயிருந்தால் செத்திருப்பான், அதை நீங்கள் மறக்கக்கூடாது. தோட்டத்துப் பள்ளியில் படித்தவன், கணீரென்று வாசிப்பான்.

ஒவ்வொரு வடிப்பிலும் முதல் கோப்பை அவனுக்கு. மறுநாள் காலையில் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். தடங்கலில்லாமல் வாசித்தால் அடுத்த முறை கொஞ்சம் கூட்டுவேன். படித்த ஐயா தன்னிடம் செய்தி கேட்கிறார் என்று அவனுக்கு ஒரே பெருமை. சட்டை மாட்டிக்கொண்டுதான் வந்து உட்காருவான், பாவம்.

ஏழாவது வாரம் பாதியில் நிறுத்தினான்.

"எழுத்து மேல பொகை மூட்டமா இருக்குய்யா. தூக்கம் பத்தல போல."

அளவு தெரிந்துவிட்டதே, அத்தோடு விட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு தடவை கண்டது சோதனை ஆகாது. எதையும் இரண்டு முறை பார்க்கவேண்டும் என்பது எங்கள் பாடம். நிஜமாகவே தூக்கம் கெட்டிருக்கலாம் அல்லவா? அன்று மாலை அதே அளவில் இன்னொரு கோப்பை நீட்டினேன். "குடி, கண்ணுக்கும் நல்லது" என்றேன். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான்.

மறுநாள் பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் விடியலையாய்யா? வெளக்க கொஞ்சம் ஏத்துங்களேன்."

சன்னல் வெயில் அவன் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் நோட்டில் அளவைக் குறித்துக்கொண்டேன்.

விற்பனைக்குப் போனதில் அந்த அளவில் கால்வாசிதான் கலந்தேன். புக்கிட் பாருவில் நீங்கள் பார்த்த தொழிற்சாலை அதில் எழுந்ததுதான். அன்றிலிருந்து நான் வாசிப்பேன், அவன் கேட்பான். "ஐயா இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா" என்று சாகும்வரை சொன்னான். நான் அவனிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. அவன் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் எழுதுங்கள். கடைக்குப் போன எங்கள் டானிக் ஒரு புட்டிகூட யார் கண்ணையும் கெடுத்ததில்லை.