அம்சவேணி போட வேண்டிய முடிச்சு

தாலித் தட்டைக் கையில் ஏந்தித் தலைமை ஏற்றிருக்கும் அண்ணன் குமாரசாமி அவர்களே! தறியை நிறுத்திவிட்டு ஓரிக்கைக்குத் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! தாய்மார்களே! மூன்றாம் வரிசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அமர்ந்திருக்கும், மாப்பிள்ளையின் அக்கா அம்சவேணி அவர்களே! வணக்கம்.

என்னாப்பா அங்க? சாப்பாடு ஆறிப்போவுதா? போவட்டும்பா. இங்க கல்யாணமே நின்னுக்கினு இருக்குது.

மாப்பிள்ளை விக்னேஷுக்கு முப்பத்தெட்டு வயது. மணப்பெண் இளவரசிக்கு நாற்பத்தாறு. எட்டு ஆண்டு என்ன, எட்டாத தூரமா?

பத்து ஆண்டுகளாக இருவரும் என் வீட்டில் ஒரே தறியில் அமர்ந்தவர்கள். பட்டுச்சேலையின் உடலை அவன் நெய்வான். கரையை இவள் கோர்ப்பாள். ஒருநாள் ஒரு சாண் நீளத்துக்குக் கரையும் உடலும் சேராமல் போய்விட்டது. யார் தப்பு என்றேன்.

"என் கைதான் தூங்கிப்போச்சு" என்றாள்.

"இல்ல மொதலாளி, நான்தான் அவசரப்பட்டேன்" என்றான்.

"என் தப்பு உனுக்கு இன்னாத்துக்குபா?" என்று அவள் பாய்ந்தாள். தப்பை விட்டுக்கொடுக்காமல் இருவரும் போட்ட சண்டை இருக்கிறதே! நான் டீக்கடைக்கு ஓடிவிட்டேன். அந்த டீக்கடைக்காரன் கதை தனி. வேண்டாம், நேரமில்லை. திரும்பி வந்தால், இருவரும் சேர்ந்து அந்த ஒரு சாணையும் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ளும் மனம் இருவருக்கும் ஒன்று. அதுதானே பக்குவம்? அதுதானே பொருத்தம்?

ஆனால் அம்சவேணி பக்கமும் நியாயம் இருக்கிறது. காலையில் கேட்டாள்: "மாமா, என்னைவிட அஞ்சு வயசு பெரியவங்க. இத்தினி வருசமா அக்கா அக்கான்னு கூப்ட்டுக்கினு இருந்தேன். இப்ப தம்பி பொண்டாட்டின்னு பேர் சொல்லிக் கூப்டவா? முடியாது. முடிச்சும் போட மாட்டேன்."

மூன்றாம் முடிச்சு மாப்பிள்ளையின் அக்காவுடையது. அக்கா வராமல் தாலி கட்டமாட்டேன் என்கிறான் விக்னேஷ். முகூர்த்தம் முடியக் கால் மணி இருக்கிறது. எனக்கோ எழுபது வயது. இதற்கு விடை தெரியவில்லை, தாயே!

இருங்கள், மணப்பெண் மைக்கைக் கேட்கிறாள். இந்தாம்மா.

"அண்ணி..."

கேட்டீர்களா? நாற்பத்தாறு, நாற்பத்தொன்றை அண்ணி என்கிறது!

"அண்ணி, நீங்க எப்பவும்போல என்னை அக்கான்னே கூப்புடுங்க. நான் உங்களை அண்ணின்னு கூப்புடறேன். ஊரு கொழம்பினா கொழம்பட்டும். வந்து முடிச்சு போடுங்க."

அம்சவேணி எழுந்துவிட்டாள்!

"தோ வரேங்க்கா. பொடவை நாற்காலில மாட்டிக்கினு இருக்குது."

வழிவிடுங்கள் தாய்மார்களே! குமாரசாமி அண்ணே, தாலியை எடுத்துக் கொடுங்கள்! இவ்வளவு நேரம் பொறுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. மேளம் முழங்கட்டும், நான் இறங்குகிறேன். வணக்கம்!