லவீனாவை அழிக்க வேண்டாம்

தம்பி கஜீபன்,

எங்கள் ஒழுங்கையில் கரண்ட் போவது புதினமில்லை. மானிப்பாயில் காற்றுக் கொஞ்சம் பலமாக வீசினாலே போய்விடும். போனில் தட்டச்சு எனக்கு வராது. மேசைக் கணினியில்தான் எல்லாம்; கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். அதை வைத்தே என்னைப் பிடித்துவிட்டீர்கள். நடந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். மறைப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும், எனக்கு அது இப்போது இல்லை.

அவசரத்துக்கு இரத்தம் கொடுக்கக்கூடியவர்களைத் தேடித் தரும் அந்தச் செயலியைத் தொடங்கியவர் உங்கள் அக்கா கேதீஸ்வரிதான். வல்வெட்டித்துறையில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு வந்து, மிச்ச நேரத்தில் எழுதியது. இணையத்தில் திறந்து வைத்திருந்தார். யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். அவர் பார்த்துச் சரியென்றால்தான் சேரும். நான் பதினாறு வருடம் கம்பனிகளுக்கு நிரல் எழுதியவன். நான் அனுப்பியதை அவர் நான்கு தரம் திருப்பி அனுப்பினார். “வாகீசன் அண்ணை, குறை நினைக்காதேங்கோ, உது பழைய நம்பர்களுக்கும் அழைப்பு அனுப்புது. ஒருக்காப் பாருங்கோ” என்று எல்லோரும் வாசிக்கும் இடத்தில் எழுதினார். பார்த்தேன். அவர் சொன்னது சரி. பிழையாக இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

அதன் பிறகுதான் தனோஜன் என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். டொரொண்டோவில் இருப்பவன், பொறுமையில்லாதவன். “ரெண்டு கிழமையா என்ரை திருத்தம் கிடக்குது. உங்களாலை ஏலாட்டி ஏலுமான ஆளிட்டைக் குடுங்கோ.” வாரத்துக்கு மூன்று முறையாவது இப்படி வரும். நான் என் சொந்தப் பெயரில் அவனைக் கண்டித்தேன். உங்கள் அக்கா எனக்கு நன்றி சொன்னார்.

வெறும் திட்டு ஒருவரை விழுத்தாது. ஆறுதல் சொல்ல ஆள் இருந்தால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். ஆகவே லவீனா வந்தாள். வவுனியாக்காரி, இப்போதுதான் படித்து முடித்தவள், தனிச் செய்தியில் மட்டும் கதைப்பவள்.

“அக்கா, உவன்ரை கதையை விடுங்கோ. சாப்பிட்டீங்களோ?”

அப்படித்தான் தொடங்கியது. ஒரு மாதத்தில் உங்கள் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். நித்திரை வருவதில்லையாம். தன் பிழையால் ஒருநாள் யாருக்காவது இரத்தம் கிடைக்காமல் போய்விடுமோ என்று நெஞ்சு படபடக்கிறதாம். “வீட்டிலை சொல்லேலாது பிள்ளை. உம்மட்டைத்தான் சொல்லுறன்” என்று எழுதினார். வாசித்தபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை தனோஜன், எல்லோரும் பார்க்க, ஒரு வரி எழுதினான். “உங்கடை பிழையாலை ஆரும் செத்தால் ஆர் பொறுப்பு?”

அன்று பின்னேரம் லவீனா ஆறுதல் சொன்னாள். “வாகீசன் அண்ணையிட்டைக் குடுத்திட்டு நிம்மதியா இருங்கோ அக்கா.” அடுத்த கிழமை செயலியின் முழுப் பொறுப்பும் என் கைக்கு வந்தது. உங்கள் அக்கா வேலையையும் விட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுப்பார் என்று நான் நினைக்கவில்லை. அதை நான் கேட்கவும் இல்லை.

இரண்டு மாதமாக எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது. ஒரு வரிகூட மாற்றவில்லை. மாற்ற ஒன்றுமில்லை, அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்.

அக்காவின் கணினியிலிருந்து, நாங்கள் மூன்று பேரும் எழுதிய நேரங்களை நீங்கள் அச்சடித்து வந்த தாள்களைப் பார்த்தேன். மானிப்பாயில் கரண்ட் இல்லாத பதினொரு தடவையும் டொரொண்டோவும் வவுனியாவும் என்னோடு சேர்ந்தே பேசாமல் இருந்திருக்கின்றன. கெட்டித்தனமான வேலை. கேதீஸ்வரியின் தம்பிதான் நீங்கள்.

தனோஜன் நான்தான். லவீனாவும் நான்தான். கீழே கையெழுத்து வைக்கிறேன்; யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், லவீனாவின் கணக்கை அழிக்கச் சொல்லாதீர்கள். அம்மா தட்டினாலும் கதவைத் திறக்காத, உங்களோடும் கதைக்காத உங்கள் அக்கா அவளுக்கு மட்டும் இன்னும் பதில் எழுதுகிறார். இன்று காலையும் சாப்பிட்டீங்களோ என்று லவீனா கேட்டாள். “ஓம் பிள்ளை” என்று வந்தது. அது பொய் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு நாளும் அவரைக் கவனித்துக்கொண்டிருப்பது நான் ஒருவன்தானே.

வாகீசன்