அண்ணனுக்கு நான் வாசித்துக் காட்டியவை

நடந்துகொண்டே பேசலாமா, சார்? உட்கார்ந்தால் எனக்குக் கால் துறுதுறுக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த அறை பத்தடி இருக்கும், எனக்கு அது போதும். நீங்கள் பாட்டுக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேஜைமேல் இருக்கும் ஒலிப்பதிவுக் கருவியில் கேட்பது என் குரல்தான். அண்ணன் மகள் புகாரில் எழுதியிருப்பது சரி. அண்ணனுக்குப் பார்வை போய் ஒன்பது வருடம் ஆகிறது. கையில் எப்போதும் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பார், அதனால் அந்தக் கருவியை நான் கவனிக்கவில்லை. நான் வாசித்ததையெல்லாம் பதிந்துவைத்துக்கொண்டு, தனியாக இருக்கும்போது மறுபடி மறுபடி போட்டுக் கேட்டிருக்கிறார். போன வாரம் அது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சில இடங்களில் மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் வாசித்திருக்கிறேன்.

அண்ணன் எழுதிய நாவலின் பெயர் ‘பதில் வரும் தூரம்’. விஞ்ஞானக் கதை. எல்லோரும் கைவிட்டுப் போன ஒரு கோளில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள். ஒரு வானொலிக் கருவியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. பூமியிலிருந்து ஒரு சொல் வந்து சேரப் பதினோரு வருடம் ஆகும். முந்நூறு பக்கம் காத்திருந்த பிறகு ஒரு குரல் வருகிறது: ‘அங்கே யாராவது இருக்கிறீர்களா?’ புத்தகம் இப்படி முடியும்: ‘அவள் கருவியை அணைத்தாள். அதன்பிறகுதான் எல்லாம் கேட்டது.’

இந்த இரண்டு வரியை வாசகர்கள் முப்பத்தொரு வருடமாகத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டார்கள். ஒரு பெண் முன்கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து காட்டினாள். கல்யாணப் பத்திரிகையில் போட்ட ஜோடிகூட உண்டு. என்ன நினைத்துப் போட்டார்களோ.

அந்த இரண்டு வரியையும் எழுதியவன் நான்.

அப்போது நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அண்ணன் புத்தகமும் அங்கேதான் அச்சானது. அவர் எழுதிய முடிவு வேறு. அவள் பொத்தானை அழுத்தி, ‘இருக்கிறேன்’ என்கிறாள். அவ்வளவுதான். எனக்கு அது சப்பென்று இருந்தது. கடைசித் தாள் அச்சுக்குப் போகும் முன்பு அந்தப் பத்தியை அடித்துவிட்டு ஓரத்தில் என் வரிகளை எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. பிழை திருத்துபவன் எழுதினால் அது திருத்தம்தானே.

புத்தகம் கைக்கு வந்ததும் அண்ணன் ஒரே மூச்சில் படித்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “அச்சு நல்லா வந்திருக்கு” என்றார். அவருக்குத் தெரியவில்லை, அல்லது பதிப்பாளர் செய்த வேலை என்று நினைத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அதன்பிறகு வாசகர்கள் வீட்டுக்கு வந்து, “அந்த முடிவு எப்படி சார் தோணுச்சு?” என்று கேட்கும்போதெல்லாம் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, “அது தானா வந்தது” என்பார். நான் பக்கத்தில் தேநீர்த் தட்டோடு நின்றிருப்பேன்.

தானாக வந்ததாம்.

குறையாக நினைக்க வேண்டாம். அண்ணனை நான் கண்போல் பார்த்துக்கொண்டேன். அண்ணி காலமாகி, மகள் வெளிநாட்டில் குடியேறி, கண்ணும் போன பிறகு அவருக்கு யார் இருந்தார்கள்? நான்தான் அவர் வீட்டுக்குக் குடிபெயர்ந்தேன். நகம் வெட்டிவிடுவேன், தலை வாரிவிடுவேன், இதய மாத்திரையை வேளை தவறாமல் கையில் வைப்பேன். அவர் என்னை ‘கமா’ என்று கூப்பிடுவார். அச்சக நாட்களில் கமாவுக்காக நான் சண்டை போட்டதால் வைத்த பெயர். “டேய் கமா, கொஞ்சம் நில்லுடா, தலை சுத்துது” என்பார், நான் நடந்துகொண்டே வாசிக்கும்போது. என் குரல் போகும் பக்கமெல்லாம் அவர் முகமும் திரும்பும்.

இரண்டு வருடம் முன்பு, நாவலைப் படமாக்க ஓர் இயக்குநர் வந்தார். முப்பது வயதுப் பெண். பதினாலு வயதில் நாவலைப் படித்தாராம். சமையலறையில் நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன், கூடத்தில் பேசியது கேட்டது.

“முடிவு மட்டும் எனக்குக் கேள்வியாவே இருக்கு சார். முந்நூறு பக்கம் காத்திருந்தவ எப்படி அணைப்பா?”

“அணைக்க மாட்டாம்மா. பதில் சொல்லுவா. நான் முதல்ல அப்படித்தான் எழுதினேன்.”

“அப்புறம் ஏன் மாத்தினீங்க?”

அண்ணன் சிரித்தார். “அது ஒரு கதை. நீ உன் படத்துல பதில் சொல்ல வச்சிடு.”

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. நான் துடைத்தேன்.

படத்தில் முடிவு மாறுகிறது என்ற செய்தி வெளியே கசிந்ததும் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ‘கடைசி வரியைத் தொட்டால் தியேட்டர் பக்கமே வர மாட்டோம்’ என்று இணைய வாசகர் குழுவில் நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக இருந்தது அந்த இரண்டு வாரம்தான். என் வரிக்காக முன்பின் தெரியாதவர்கள் சண்டை போட்டார்கள். அதில் ஒன்றைக்கூட நான் எழுதவில்லை. கைபேசியை வைத்துக்கொண்டு பால்கனிக்கும் கூடத்துக்கும் நடந்தபடி படித்தேன், அவ்வளவுதான். அண்ணனுக்கும் உள்ளது உள்ளபடி வாசித்தேன். “திட்டட்டும்டா. அவங்களுக்கு உரிமை இருக்கு. படத்தைப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்” என்றார்.

படம் வெளியான அன்று பகல் காட்சிக்கு அவரைக் கூட்டிப்போனேன். திரையில் நடப்பதை நான் காதில் சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பெண் குனிந்து பொத்தானை அழுத்தி, “இருக்கேன்” என்றாள். திரை இருண்டது. பிறகு முன்வரிசையில் ஒருவர் கை தட்டினார். பிறகு எல்லோரும். பச்சை குத்திய அந்தப் பெண் எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் இருந்தாள். அவளும் எழுந்து நின்று தட்டினாள்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். “ஏன்டா தட்டுறாங்க?”

“ஒருவழியா முடிஞ்சுதேன்னு தட்டுறாங்கண்ணா.”

நான் யோசித்துச் சொல்லவில்லை, சார். வாயில் வந்துவிட்டது. ஆனால் அவர் கை சட்டென்று தளர்ந்தது.

அடுத்த நாளிலிருந்து எதிர்வினைகள் வந்து குவிந்தன. குழுவில் சில, மின்னஞ்சலில் பல, பதிப்பகத்தின் வழியாகத் தபாலில் ஒரு பை. என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பல் தேய்க்கும்போதுகூடக் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். யாராவது ஒருவராவது என் வரியைக் கேட்டு நிற்பார் என்று தேடினேன். இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். மற்ற எல்லோரும் கட்சி மாறிவிட்டார்கள். முப்பத்தொரு வருடம் தூக்கித் திரிந்ததை ஒரே பகல் காட்சியில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

ஒரு செவிலியர் எழுதியிருந்தார்: ‘அவள் அணைத்ததுதான் சரி என்று இவ்வளவு காலம் நினைத்தேன். படம் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் என் அம்மாவுக்கு போன் செய்தேன், ஏழு வருடத்துக்குப் பிறகு.’ நான் அதை அண்ணனுக்கு இப்படி வாசித்தேன்: ‘அவள் அணைத்ததுதான் சரி என்று இவ்வளவு காலம் நினைத்தேன். படம் பார்த்துவிட்டு வந்ததும் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.’

முதல் வாக்கியத்தை நான் தொடவில்லை. எப்போதும் அப்படித்தான் செய்தேன். எழுதியவரின் தொனி கெடாமல், எது தேவையோ அதை மட்டும் மாற்றினேன். பத்தில் இரண்டு கடிதத்தில் லேசாகப் பாராட்டு வைத்தேன், இல்லாவிட்டால் நம்ப மாட்டார். ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு வங்கி ஊழியர், இரட்டைப் பிறவிச் சகோதரிகள். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு கோபம். ஒரு நாளைக்கு எட்டுக் கடிதத்துக்கு மேல் வாசிக்க மாட்டேன். அவர் வயதானவர், தாங்க வேண்டுமல்லவா.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். “அப்பா, இங்க என் ஆபீஸ்ல எல்லாரும் அழுதுட்டாங்கப்பா” என்பாள். போனை வைத்த பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பி, “அவ இப்படிச் சொல்றாளே?” என்றார்.

“பொண்ணாச்சேண்ணா. உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொல்றா.”

அதன்பிறகு அவள் எது சொன்னாலும், “சரிம்மா, சரிம்மா” என்றுதான் பதில் சொன்னார். தொலைக்காட்சிப் பெட்டியை நான் ரிப்பேருக்கு அனுப்பியிருந்தேன். ரிப்பேர் எதுவும் இல்லை.

ஒரு மாதத்தில் அவர் மெலிந்துபோனார். சவரம் வேண்டாம் என்றார், ஜன்னலோரம் உட்காருவதை விட்டார். ஆனால் கடிதங்களை மட்டும் விடவில்லை. “இன்னும் இருக்கா? வாசிடா. எழுதினவங்க காத்துட்டு இருப்பாங்க” என்பார்.

ஒரு பிற்பகல், வாசித்து முடித்த பிறகு, “கமா, கொஞ்சம் உக்காரு” என்றார். உட்கார்ந்தேன்.

“அந்தக் கடைசி வரி நீ எழுதினதுதானே?”

நான் எழுந்து நின்றேன்.

“அப்பவே தெரியும்டா. அச்சகத்துல போய்த் தாளைப் பார்த்தேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மொதல்ல உன்னை அடிக்கணும்போல இருந்துச்சு. அப்புறம் திரும்பத் திரும்பப் படிச்சேன். நல்ல வரிடா. என்னோடதைவிட நல்ல வரி. விட்டுட்டேன். பேரை மட்டும் நானே எடுத்துக்கிட்டேன், அது தப்பு. இப்ப ஜனங்க கேக்குறது உன் வரியைத்தான். பேப்பரை எடு. எல்லாருக்கும் சொல்லிடறேன்.”

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ‘முப்பத்தொரு வருடமாக நீங்கள் நேசித்த முடிவு என் தம்பியுடையது. பாராட்டு அவனுக்கு, மாற்றியதற்கான திட்டு எனக்கு’ என்று ஒரு பக்கம். கடைசியில் கையெழுத்துப் போட விரலைக் காகிதத்தில் வைத்துக் காட்டச் சொன்னார். வைத்துக் காட்டினேன். கோணலாகப் போட்டார்.

நான் ஆசைப்பட்டது இதைத்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அன்று முழுக்க என்னால் ஒரு நிமிஷம் உட்கார முடியவில்லை. தெருவில் இறங்கி நடந்தேன், திரும்பி வந்து மாடிப்படியில் ஏறி இறங்கினேன். அவர் எல்லாம் தெரிந்து, முப்பத்தொரு வருடம் என்னை மன்னித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். நான் தேநீர்த் தட்டோடு நின்றதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்போது எனக்கு வரியைத் தானமாகத் தருகிறார்.

கடிதத்தை நான் அனுப்பவில்லை. என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். வாசகர் குழுவுக்கு அனுப்பினேன் என்று அண்ணனிடம் சொன்னேன். நான்காம் நாள், பதில் வந்திருக்கிறது என்று ஒன்றை வாசித்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியது போல.

‘ஐயா, உங்கள் கடிதம் பார்த்தேன். அந்த நாவலில் என்னை வாழவைத்தது கடைசி இரண்டு வரிதான். அது உங்களுடையது இல்லை என்கிறீர்கள். அப்படியானால் மற்ற முந்நூறு பக்கம் எதற்கு? இத்தனை வருடம் நாங்கள் யாருக்குக் கை தட்டினோம்? உங்கள் தம்பிக்குச் சொல்லுங்கள், முழு நாவலையும் அவரே எழுதியிருக்க வேண்டும் என்று. உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.’

இதை நான் நடந்தபடிதான் வாசித்தேன். அவர் முகம் என் குரலைத் தேடித் திரும்பவில்லை.

“அந்தம்மா சொல்றது சரிதானேடா?” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மாத்திரையைக் கையில் வாங்கி, தண்ணீரை மட்டும் குடித்தார். படுக்கை விரிப்பை மாற்றும்போது தலையணை உறைக்குள் ஐந்து மாத்திரை இருந்தது. அடுத்த முறை ஒன்பது. எடுத்து எண்ணிவிட்டு அதே இடத்தில் வைத்தேன். கண் தெரியாதவர்களின் பொருளை இடம் மாற்றக் கூடாது. மருத்துவர் போன் செய்து, “மாத்திரை ஒழுங்கா போடுறாரா?” என்று கேட்டார். “என் கையாலதான் குடுக்கிறேன்” என்றேன். அது உண்மை.

பதினேழாம் நாள் காலையில் காபி கொண்டுபோனபோது அவர் இல்லை. உடம்பு இருந்தது.

தெரு நிறைய ரசிகர்கள் வந்தார்கள். அந்தச் செவிலியர் தன் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். “என் கடிதத்தை சார் கேட்டாரா?” என்று என்னைக் கேட்டார். கேட்டார் என்றேன். “என்ன சொன்னார்?” என்றார். திரும்ப ஒருமுறை வாசிக்கச் சொன்னார் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அண்ணன் போனதில் என்னைவிட யாருக்கு இழப்பு அதிகம்?

கொன்றேனா என்று நேராகக் கேட்டீர்கள். ஆமாம், சார். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் குற்றப்பத்திரிகையில் அந்த ஆசிரியையின் கடிதத்தைச் சேர்ப்பதானால், அரைகுறையாகச் சேர்க்காதீர்கள், முழுதாகச் சேருங்கள். மற்றதெல்லாம் யாரோ எழுதியதில் நான் கை வைத்தது. முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நானே எழுதியது அது ஒன்றுதான். நன்றாக வந்திருந்தது. அண்ணனே ஒப்புக்கொண்டார்.