முன் சக்கரத்தில் எடை ஒட்டாமல் போனது பற்றி

பெயர்: பூஜிதா, வயது 28, தகப்பனார் பெயர் வரதராஜுலு. விலாசம்: கதவு எண் 14, இரண்டாவது வீதி, துடியலூர், கோயம்புத்தூர். தொழில்: மோட்டார் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் பொறியாளர். நாள்: 02.08.2024, முற்பகல்.

நான் மேற்படி விலாசத்தில் என் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கும்படி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் பேச வேண்டிய அவசியம் இல்லை என்றும், பேசினால் அது எனக்கே எதிராக ஆகலாம் என்றும் குற்றவியல் நடுவர் அவர்கள் எனக்கு எடுத்துச் சொன்னார்கள். யோசிக்க ஒரு மணி நேரம் கொடுத்து வெளியே உட்கார வைத்தார்கள். உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்து சொல்கிறேன்.

கடந்த 13.07.2024 சனிக்கிழமை காலை பத்தே கால் மணிக்குக் கம்பெனியில் ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு, மேட்டுப்பாளையம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் ஷேக் பரீத் என்பவரிடம் என்னுடைய 350 சிசி மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோனேன். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முன் டயர் தேய்ந்திருந்ததால் புதிது போடச் சொன்னேன். அவர் பழைய டயரைக் கழற்றி, புதியதை ரிம்மில் ஏற்றிக் காற்று அடித்தார். அதன் பிறகு சக்கரத்தை வண்டியில் மாட்டாமல், இரண்டு கால்கள் உள்ள ஒரு இரும்புத் தாங்கியில் தொங்கவிட்டுச் சுற்றிவிட்டார். அது சுற்றி நின்றதும் கீழே வந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். மேலும் இரண்டு முறை சுற்றிவிட்டார், இரண்டு முறையும் அந்தக் கோடே கீழே வந்து நின்றது. அதை நான் அருகில் நின்று பார்த்தேன்.

அதன் பிறகு அவர் என்னிடம், "ஏனுங் அம்மணி, இதுக்கு பேலன்ஸ் பாத்து, எதிர்ப்பக்கம் ரிம்முல சின்ன ஈய எடை ஒட்டோணும்ங்க. அரை மணி நேரம் உக்காருங்க" என்றார். நான், "புது டயருக்கு எதுக்குங்க பேலன்ஸ்? கம்பெனியிலேயே பாத்துத்தானே அனுப்புவாங்க" என்று கேட்டேன். அதற்கு அவர், "டயர் புதுசுதானுங்க. ஆனா எந்த டயரும் ஒரு பக்கம் இத்தனையூண்டு கனமாத்தான் இருக்கும், ரிம்மும் அப்படித்தான். ரெண்டுஞ் சேர்றப்ப எந்தப் பக்கம் இழுக்குதுன்னு மாட்டுன பொறகுதாங்க தெரியும். ஊருக்குள்ள ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. எம்பதத் தாண்டுனா கைப்பிடி நடுங்கும்" என்றார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை செய்யும் இடத்தில் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர்களைச் சமநிலை பார்த்து அனுப்புவதுதான் என் பொறுப்பு. இரண்டு கிராம் கூடுதலாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன், அதற்காக என்னோடு சண்டை போட்டவர்கள் உண்டு. அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. பதினொன்றே காலுக்குள் கம்பெனிக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிக் கேட்டேன். "வேண்டாங்க, மாட்டிக் குடுத்துருங்க, திங்கக்கிழமை வந்து போட்டுக்கறேன்" என்றேன். அவர் சற்று நேரம் சக்கரத்தைக் கையில் பிடித்தபடியே நின்றார். அதன் பிறகு மாட்டிக்கொடுத்தார். கிளம்பும்போது, "புது டயரு வழுக்குமுங்க. ஒரு நூறு கிலோமீட்டருக்கு மெதுவாப் போங்க. திங்கக்கெழமை மறக்காம வாங்க" என்றார். அப்போது கடையில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

மறுநாள் 14.07.2024 ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் என் தோழி சைத்ராவின் சீமந்தம். காலை ஆறே முக்காலுக்கு வீட்டிலிருந்து தனியாகக் கிளம்பி, சூலூர் வழியாகப் பல்லடம் சென்று அங்கே டீ குடித்தேன். அப்போது சைத்ரா போனில், "எங்கடி இருக்கற? நீ வந்தாத்தான் வளையல் போடுவேன்" என்றாள். அதன் பிறகு சாலை காலியாக இருந்ததால் வேகமாக ஓட்டினேன். எண்பதுக்கு மேல் போனபோது கைப்பிடியில் நடுக்கம் தெரிந்தது. எழுபதுக்குக் குறைத்தேன், நின்றது. மறுபடி கூட்டினேன், எண்பத்திரண்டில் வந்தது. எங்கள் பிரிவில் மெஷினைச் சோதிக்கும்போதும் இப்படித்தான் எந்த வேகத்தில் அதிர்வு தொடங்குகிறது என்று பார்ப்போம். பார்த்துக்கொண்டேன். ஆனால் வேகத்தைக் குறைக்கவில்லை, தொண்ணூறு வரை கூட்டினேன். அதற்கு மேல் நடுக்கம் மணிக்கட்டு வரை வந்தது. ஏன் குறைக்கவில்லை என்று கேட்டால், காங்கேயம் இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நினைத்தேன்.

காங்கேயத்துக்கு ஆறு கிலோமீட்டர் முன்பாக, சாலையின் இடது பக்கம் உள்ள ஒரு கொப்பரைக் களத்தின் கேட்டிலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தார். அவர் என்னைப் பார்த்துவிட்டு நின்றார். நான் இரண்டு பிரேக்கையும் அழுத்தினேன். முன் சக்கரம் வழுக்கிக் கைப்பிடி ஒரு பக்கம் திரும்பிவிட்டது. நான் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. வண்டி அவர் பக்கம் உரசிக்கொண்டே போனது. அவர் பெயர் சுப்பண்ணன், வயது 58, அந்தக் களத்தில் வேலை செய்பவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நான் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டிவந்து மேற்படி சுப்பண்ணன் மீது மோதினேன்.

சத்தம் கேட்டுக் களத்திலிருந்து ஒரு பெண் முதலில் ஓடிவந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "கண்ணு, எந்திரிக்காத, அப்படியே இரு. எங்க வலிக்குது?" என்று கேட்டு, தலையில் வைத்திருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து என் தலைக்கு அடியில் வைத்தார். அந்தத் துணியில் கொப்பரை வாசம் இருந்தது. அப்போது வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "பூவாத்தாக்கா, இங்க வாங்க, அண்ணனுங்க" என்று கூப்பிட்டார்கள். அவர் என் தலையைத் துணி மேல் மெதுவாக இறக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்து போனார். அவர் சுப்பண்ணனின் மனைவி என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சுப்பண்ணனுக்கு வலது தொடை எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்துள்ளது. நடக்க நான்கு மாதம் ஆகும் என்று சொல்கிறார்கள். நான் இதுவரை அவர்களைப் போய்ப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் மருத்துவமனையில் இருந்தபோது, எடை ஒட்டவில்லை என்று நான் சொன்னதை வைத்து, டயர் கடைக்காரர் பேலன்ஸ் பார்க்காமல் அஜாக்கிரதையாகச் சக்கரத்தை மாட்டியதுதான் விபத்துக்குக் காரணம் என்று என் தகப்பனார் போலீசில் புகார் கொடுத்தார். முன் சக்கரத்தில் சமன் எடை இல்லை என்று வண்டியைச் சோதித்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையிலும் வந்தது. ஷேக் பரீத்தைக் கூட்டிப்போய் விசாரித்தார்கள், கடை மூடப்பட்டது. எனக்குச் செப்டம்பரில் கம்பெனி மூலம் இரண்டு வருடம் வெளிநாடு செல்ல உத்தரவாகியிருந்தது. என் மேல் வழக்கு வந்தால் அது நின்றுவிடும். என் தகப்பனார் கெட்டவர் அல்ல. நாங்கள் வீட்டில் தெலுங்கில் பேசுவது வழக்கம். அவர் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம் அம்மா. பேசாமல் இருந்தால் போதும்." நான் பேசாமல் இருந்தேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

31.07.2024 அன்று மாலை நான்கு மணிக்கு நான் தனியாக ஷேக் பரீத்தின் கடைக்குப் போனேன். கடை ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. அவர் உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அம்மணி, கை எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. அவர் கோபமாகப் பேசுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அவர் என்னிடம், "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. எடை ஒட்டோணும்னு நான் உங்ககிட்டச் சொன்னனுங்களா? சொன்னாப்லதான் இருக்குது. ஆனா ரெண்டு வாரமா எல்லாரும் நீ சொல்லுலன்னு சொல்றாங்க. நெனச்சு நெனச்சுப் பாத்து, இப்ப எனக்கே சந்தேகமாப் போச்சுங்க" என்றார்.

நான், "சொன்னீங்க. மூணு தடவை சுத்திக் காட்டுனீங்க. நாந்தான் வேண்டான்னேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதன் பிறகு, "அப்படீன்னாலும் வண்டிய உட்டுருக்கக் கூடாதுங்க. சாவிய வாங்கி வெச்சுட்டு ஒட்டிக் குடுத்துருக்கோணும்" என்றார். நான் வீட்டுக்கு வந்து என் தகப்பனாரிடம் கடையில் பேசியதைச் சொன்னேன். அவர் அன்று சாப்பிடவில்லை. இன்று காலை அவர்தான் என்னை இங்கே அழைத்துவந்தார். வெளியே மரத்தடியில் நிற்கிறார்.

எடை ஒட்டியிருந்தால் விபத்து நடந்திருக்காதா என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். எனக்குத் தெரியாது. நடுக்கம் இருந்திருக்காது. ஆனால் அந்த வேகத்தில் புது டயர் எப்படியும் வழுக்கியிருக்கலாம். எடை ஒட்டாத அதே சக்கரத்தோடு அறுபதில் போயிருந்தால், அவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். இதை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்: புது டயருக்கும் பேலன்ஸ் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அவர் சொன்னார். எனக்கும் தெரிந்திருந்தது.

நான் சொன்னதைத் தட்டச்சு செய்து எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில், "மோட்டார் சைக்கிள் நிலைதடுமாறி மேற்படி சுப்பண்ணன் மீது மோதியது" என்று இருந்தது. வழக்கமாக அப்படித்தான் எழுதுவோம் என்று தட்டச்சர் சொன்னார். அந்த வரியை அடித்துவிட்டு, "நான் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டிவந்து மேற்படி சுப்பண்ணன் மீது மோதினேன்" என்று எழுதும்படி கேட்டுக்கொண்டேன். எழுதப்பட்டது. திருத்திய இடத்தில் இடது கையால் சுருக்கொப்பம் வைத்தேன். மற்றபடி எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை.

(ஒப்பம்) வ. பூஜிதா