நாற்பத்து மூன்று நாள்

எனக்குத் தாமதம் என்றாலே ஆகாது. இன்றுகூடப் பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தீர்கள். ஒன்பதே முக்காலுக்கே வந்து, உங்கள் அறை வாசலில் இருக்கும் அந்த ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அதன் காலுக்கு அடியில் ஓர் அட்டையை மடித்து வைத்திருக்கிறேன். இனி ஆடாது.

என் ஆராய்ச்சியும் தாமதத்தைப் பற்றித்தான். கட்டட வேலைகள் ஏன் சொன்ன தேதிக்கு முடிவதில்லை என்று ஆறு வருடம் தோண்டித் துருவி ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். ஒரு வேலைக்கு எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் போதும், அது எத்தனை நாள் இழுக்கும் என்று சொல்லிவிடுவேன். முடிந்துபோன தொண்ணூற்றிரண்டு கட்டடங்களுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. "நடந்துக்கிட்டு இருக்கிற வேலை ஒண்ணுல முன்கூட்டியே சொல்லிக் காட்டு, பட்டம் உனக்குத்தான்" என்றார் என் பேராசிரியர். என் அக்காவின் கணவர் அப்போது ஒரு பள்ளிக் கட்டடத்தின் பொறியாளராக இருந்தார். நாற்பத்து மூன்று நாள் தாமதமாகும் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிப் பேராசிரியரிடம் கொடுத்தேன். வீட்டிலும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

அத்தானிடம் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அவர் வேலை செய்கிற விதம் யாரையும் எரிச்சல்படுத்தும். காலை ஆறரைக்கே சைட்டில் நிற்பார். கையெழுத்து வேண்டுமென்றால் காகிதத்தோடு அவரவர் வீட்டு வாசலுக்கே போய்விடுவார். "மாப்ளே, உன் நாப்பத்து மூணு நாளை நீயே வச்சுக்கோ. நான் ஒரு வாரம் முன்னாடியே முடிச்சிருவேன்" என்று சாப்பாட்டு மேசையில் சிரித்தார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவப் போனேன்.

தூணுக்குக் கான்கிரீட் ஊற்றும்போது அதே கலவையில் சில கட்டிகளையும் வார்த்து, தேதி எழுதி, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். இருபத்தெட்டாம் நாள் அவற்றை இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். கட்டி தாங்கினால் தூணும் தாங்கும். அத்தானின் கட்டிகள் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்குத்தான் வரும். மாணவர்கள் தண்ணீரை அள்ளிக் கொட்டி வார்த்த சோதாக் கட்டிகள் அங்கே மூலையில் எப்போதும் கிடக்கும். எல்லோரும் மதியம் சாப்பிடப் போன நேரத்தில் அவற்றில் ஆறை எடுத்து, அத்தானின் கையெழுத்தில் தேதி எழுதி, மாற்றி வைத்தேன். அவர் ஏழு என்ற எண்ணைக் கொக்கி மாதிரி போடுவார். அதற்குத்தான் கொஞ்சம் பழக வேண்டியிருந்தது.

கட்டிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. "தூண்லயே துளை போட்டு எடுத்துப் பாக்கலாம் சார், கலவை என் கண்ணு முன்னாடி போட்டது" என்று அத்தான் கெஞ்சினார். பள்ளி நிர்வாகி கேட்கவில்லை. பிள்ளைகள் உயிர் விஷயம் என்றார், நியாயம்தானே. ஆறு தூண்களையும் இடிக்கச் சொன்னார். அத்தானை நிறுவனம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது.

இடித்துத் திரும்பக் கட்டுவதால் வரும் தாமதம், நான் போட்ட கணக்கில் முப்பத்தொன்பது நாள்தான் வந்தது. ஆனால் தூண்கள் உடைய மறுத்தன. "என்ன சார், இதுவா சோதாத் தூணு? ரெண்டு உளி முறிஞ்சு போச்சு" என்றார் இடிக்கிறவர். நல்ல தூண்கள் என்பதால் நான்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. மொத்தம் நாற்பத்து மூன்று. அத்தானின் வேலைத் திறமைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்.

அதன் பிறகு தினமும் மாலையில் அவரைப் பார்க்கப் போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை பேசச் சொன்னாள் அக்கா. பழி சுமக்கும் பொறியாளரின் மனநிலை என்று இரண்டாவது கட்டுரை ஒன்று மனதில் இருந்ததால், பேச்சோடு பேச்சாக இருபது கேள்விகளும் கேட்டுவிட்டேன். எல்லாவற்றுக்கும் உண்மையாகவே பதில் சொன்னார். கடைசியில் அவர்தான் என்னைக் கேட்டார்: "மாப்ளே, நெஜமாவே நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேனோ?" தன் மேலேயே சந்தேகம் என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

இடிக்கிறவர் சொன்னதைக் கேட்டுத்தான் அத்தான் உங்கள் விசாரணைக் குழுவுக்கு எழுதினார். அறுபது நாளுக்குள் நீங்கள் அவரைக் குற்றமற்றவர் என்று சொல்லாவிட்டால் வேலை போய்விடும் என்று நிறுவனம் கெடு வைத்தது. நீங்கள் ஐந்து பேர், ஐந்து கையெழுத்து. அறுபத்தொன்றாம் நாள் முடியும் என்றது என் சூத்திரம். நீங்களோ சுறுசுறுப்பானவர்கள், முப்பதாம் நாளே முடித்துவிடுவீர்கள் போலிருந்தது.

ஆய்வுக்கூடப் பதிவேடு காணாமல் போனது அதனால்தான். கட்டிகள் வந்த அன்று எடுத்த எடை அதில் இருக்கிறது. நசுக்கிய அன்று எடுத்த எடையோடு ஒப்பிட்டால் குட்டு உடைந்துவிடும். உங்களோடு சேர்ந்து நானும் ஏணியில் ஏறி அலமாரி அலமாரியாகத் தேடினேன், ஞாபகம் இருக்கும். இந்தாருங்கள் பதிவேடு. அசல் கட்டிகள் ஆறும் என் மேசைக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன.

அத்தான் பாவம், நல்ல மனிதர். அவர் மேல் பழி நிற்கக் கூடாது என்றுதான், யாரும் கூப்பிடாமல், நானாகவே வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். நேற்றே வந்திருக்கலாம். ஆனால் நேற்று அறுபதாவது நாள்.